ஏக்கர் கணக்கில் விற்றாள், கட்டுக் கணக்கில் வாங்கினாள்

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் கறார் அக்கா. எதிரே வந்தால் அக்கா, தலை மறைந்ததும் கறார். காய்கறி வண்டிக்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தராசுத் தட்டை ஒருமுறை துடைத்து வைத்துக்கொள்வார். தையற்காரர், அவள் துணியோடு வருவதைப் பார்த்தால், சொல்ல நினைத்த கூலியில் தாமே பத்தைக் குறைத்துக்கொண்டு வாயைத் திறப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டு பல்லாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டாளாம். கட்டுக்கதைதான். ஆனால் அவளைத் தெரிந்த யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

இப்படிப்பட்டவளை ஒருவர் ஏமாற்ற முடியுமா? முடிந்தது. அதுவும் மறைத்து வைத்து அல்ல, பட்டப்பகலில், அவளே சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகும்படி ஏமாற்றினார்கள். எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவளுடைய சொத்து முழுவதையும் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். இரண்டு அறை வீடு. பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட தொழுவம், அதில் இரண்டு மாடு நிற்கும் இடம். வீட்டுக்காரர் கடைத்தெரு ஓரத்தில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பஞ்சர் ஒட்டுகிறவர். ஊருக்கு வெளியே அரைமணி நேர நடையில் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர் நெல் வயல். மாடுகளில் ஒன்று காரி, கறுப்பு, கறந்துகொண்டிருந்தது. மற்றது செவலை, கிடாரி, முதல் சினை. காரி பால் வற்றும் மாதத்தில் செவலை கன்று போடும் என்று அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். அப்படி நடந்தால் வருஷத்தில் ஒரு நாள் கூட வீட்டில் பால் காசு நிற்காது. பதினாறு வருஷ மாட்டுப் பிழைப்பில் அது முதல் முறையாக நடக்க இருந்தது. அதனால் செவலையை அவள் தடவிக் கொடுப்பதில் பாசமும் இருந்தது, திட்டமும் இருந்தது.

அறுவடை வந்தது. இயந்திரம் காலையில் இறங்கி மதியத்துக்குள் நெல்லைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. வயல் முழுக்க வைக்கோல் வரி வரியாகக் கிடந்தது. இங்கேதான் தொல்லை ஆரம்பம். வைக்கோலை வயலிலேயே விட முடியாது, பத்து நாளில் அடுத்த விதைப்புக்கு உழ வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போனால் வைக்க இடமில்லை. மேகம் வேறு இரண்டு நாளாக மிரட்டிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் வைக்கோலைக் கட்டாகக் கட்டும் இயந்திரம் ஒன்றே ஒன்று, அது வைக்கோல் மண்டிக்காரருடையது. எல்லா வயலிலும் ஒரே வாரத்தில் வைக்கோல் கிடக்கும், எல்லாருக்கும் ஒரே வாரத்தில் அவசரம் வரும், அவருக்கு மட்டும் அவசரம் கிடையாது. வரப்பில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, எனக்கு வேண்டாம், நீங்கள் கெஞ்சுவதால் எடுக்கிறேன் என்பதுபோல் பார்ப்பார்.

ஏக்கருக்கு எண்ணூறு என்றார். கறார் அக்கா விடுவாளா? என் வைக்கோலில் பதர் இல்லை, களை இல்லை, தண்ணீர் நிற்காத வயல் என்று ஆரம்பித்தாள். அவர் எண்ணூற்றைம்பது என்றார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்படியானால் இங்கேயே கொளுத்திவிட்டுப் போகிறேன் என்றாள். அரைமணி நேர இழுபறிக்குப் பிறகு ஆயிரத்தில் நின்றது. மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "உங்ககிட்ட வந்து மாட்டிக்கிட்டேனே அக்கா" என்றார். ஒன்றரை ஏக்கருக்கு ஆயிரத்தைந்நூறு. பணத்தை முந்தியில் முடிந்துகொண்டு, ஏக்கருக்கு இருநூறு ஏற்றிய பெருமையில் அவள் வீட்டுக்கு நடந்தாள். கட்டு இயந்திரம் அவள் முதுகுக்குப் பின்னால்தான் வயலில் இறங்கியது. எத்தனை கட்டு விழுகிறது என்று நின்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஊரில் யாருக்குமே தோன்றியதில்லை. விற்றாயிற்று, இனி அது அவர் சரக்கு, அதை எண்ணி நமக்கு என்ன என்பதுதான் எல்லாருடைய நினைப்பும்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் ஒன்று கேட்டார். குருவி விரட்ட வயலில் நட்டு வைத்த பொம்மைக்கு அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருந்தார்கள். பொம்மையை எடுத்து வந்தாயா என்றார். அவள் மறந்திருந்தாள். ஒரு கிழிசல் சட்டை போனால் என்ன, ஏக்கருக்கு இருநூறு ஏற்றினேனே, அதற்கு ஒரு வார்த்தை வந்ததா உங்கள் வாயிலிருந்து என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். அவர் சட்டையை மறந்துவிட்டார்.

பிறகு கோடை வந்தது, வர வேண்டிய மழை வரவில்லை. வரப்புப் புல் கருகியது. குளத்துக் கரையில் மேயப் போன மாடுகள் மண்ணை முகர்ந்துவிட்டுத் திரும்பின. அறுவடை முடிந்த வாரம் மண்டியில் ஒரு கட்டு தொண்ணூறு. ஒரு மாதத்தில் நூற்று நாற்பது. அதற்கடுத்த மாதம் இருநூறு. காரணம் கேட்டால் மண்டிக்காரர் வானத்தைக் காட்டுவார். அவர் என்னவோ கீழே நின்று வேடிக்கை பார்க்கிறவர் போலவும், மேலே இருப்பவர்தான் விலையை எழுதி அனுப்புகிறவர் போலவும் இருக்கும் அந்தக் கை.

வைக்கோல் விலை இரண்டு பங்கைத் தாண்டியபோது பால் விலை எவ்வளவு ஏறியது தெரியுமா? ஒரு பைசா ஏறவில்லை. டீக்கடைக்காரரிடம் லிட்டருக்கு இரண்டு கூட்டிக் கேட்டாள். டீ விலையைக் கூட்டினால் குடிக்க வருகிறவன் வரமாட்டான், வேண்டுமானால் பவுடர் பாலுக்கு மாறிக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை. அன்று வீட்டுக்கு வந்து கஞ்சித் தண்ணீரை மாடுகளுக்கு ஊற்றிக்கொண்டே அவள் புலம்பியதை அடுத்த வீட்டு இஸ்திரிக்காரம்மா கேட்டாள். அவளிடமும் ஒரு மாடு உண்டு.

"நெல்லும் வைக்கோலும் விக்கப் போனா வாங்குறவன் சொல்றதுதான் விலை. வாங்கப் போனா விக்கிறவன் சொல்றதுதான் விலை. பாலு என் மாடு குடுக்குது, அதுக்கும் டீக்கடைதான் விலை சொல்லுது. என் வாய்ல என்னைக்குதான் ஒரு விலை வரும்?"

 இஸ்திரிக்காரம்மாவும் அதே வாயோடு அதே மண்டிக்குப் போய் வருகிறவள்தான்.

கட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தபோது கறார் அக்கா ஐந்து கட்டு வாங்கினாள். ஒரு மணி நேரம் நின்று பேசி, கட்டுக்கு ஐந்து குறைத்தாள். மண்டிக்காரர் அப்போதும் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தலை வலிக்காதா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் இரண்டாவது கட்டின் கயிற்றை அரிவாளால் அறுத்து உதறினாள். வைக்கோலோடு ஒரு துணி விழுந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டையின் ஒரு கை. மணிக்கட்டில் பெரிய பழுப்புப் பொத்தான். அந்தச் சட்டைக்குப் பொருந்தாத பொத்தான் அது, பழைய கோட்டில் இருந்து பிய்த்து அவளே தைத்தது. கறுப்பு நூல் இல்லாததால் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். அந்தச் சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை.

அவள் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குருவிப் பொம்மையை இயந்திரம் வைக்கோலோடு சேர்த்து விழுங்கிக் கட்டியிருக்கிறது. அப்படியானால் இது அவள் வயல். இது அவள் வைக்கோல். நாற்று நட்டது அவள், களை பறித்தது அவள், கழுத்து வலிக்க உரம் சுமந்தது அவள். அதையே கட்டுக்கு ஐந்து குறைத்துவிட்டேன் என்று வெற்றிக்கொடி நாட்டித் தூக்கி வந்ததும் அவள்.

அன்று மதியம் வீட்டுக்காரர் கடைக்குச் சோறு கொண்டு போனாள். கட்டு இயந்திரத்தின் டிரைவர் தன் மோட்டார் சைக்கிளைப் பஞ்சருக்கு விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஏக்கருக்கு எத்தனை கட்டு விழும் தம்பி என்று சாதாரணமாகக் கேட்டாள். நாற்பதுக்குக் குறையாது என்றான் அவன். ஒன்றரை ஏக்கருக்கு அறுபது. அவள் அவ்வளவு போராடி வாங்கிய ஆயிரத்தைந்நூறு இன்றைக்கு ஆறு கட்டின் விலை. மீதி ஐம்பத்து நாலு கட்டை மண்டிக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஏக்கருக்கு விலை பேசினாளே தவிர, ஏக்கர் என்றால் எத்தனை கட்டு என்று கேட்கவில்லை. ஊரையே கேள்வி கேட்டுத் துளைத்தவளுக்கு, கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. மண்டிக்காரர் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

சட்டைக் கையை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போனாள். வாசலில் அட்டையில் 'சரக்கு இல்லை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கேட் பாதி சாத்தியிருந்தது. மண்டிக்காரர் எடைமேடைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சட்டைக் கையை அவர் மேஜையில் வைத்து, இது என் வீட்டுக்காரர் சட்டை, என் வயலில் நின்றது, உங்கள் கட்டில் வந்தது என்றாள். அவர் பொத்தானைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்கக் கூட இல்லை, சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

"வித்த அன்னைக்கு வரைக்கும்தான்க்கா அது உங்க வைக்கோலு. சட்டைய வேணா எடுத்துக்குங்க, அதுக்கு நான் காசு கேக்கல."

அவள் கண் அவருக்குப் பின்பக்கம் போனது. கொட்டகையின் உள்கதவு திறந்திருந்தது. கூரை முட்ட அடுக்கியிருந்தது வைக்கோல். சரக்கு இல்லை என்று வாசலில் தொங்க, உள்ளே ஊர் மாடெல்லாம் மழை வரும்வரை தின்னும் அளவுக்குச் சரக்கு. சுவர் ஓரத்து அடிவரிசை போன வருஷத்துக் கட்டு. ஓட்டிலிருந்து ஒழுகி, கறுத்து, வெள்ளைப் பூஞ்சை பூத்து, முகத்தில் அடிக்கும் நாற்றத்தோடு கிடந்தது. ஒரு மாடும் தின்னாது இனி அதை. விலை இறங்கிவிடக் கூடாது என்று வெளியே விடாமல் வைத்து அழுக விட்டிருக்கிறார். தெருவில் மாடுகள் அட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்த மாதம் அது. வியாபாரம் என்றால் லாபம் இருக்கும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தின்னும் பொருளை அழுக வைத்துப் பசியை வளர்ப்பதற்கும் வியாபாரம் என்றே பெயர் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மண்டிக்காரர் அவள் பார்வையைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, செவலை எத்தனை மாதச் சினை என்று கேட்டார். மாட்டுத் தரகும் அவர்தான். வைக்கோல் விலை ஏற ஏற மாட்டு விலை இறங்கும். தீனி போட முடியாதவன் வந்த விலைக்கு மாட்டைத் தள்ளிவிடுவான். ஏறுவதையும் அவரே விற்றார், இறங்குவதையும் அவரே வாங்கினார். செவலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து கட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். காரியின் பால் பாதியாயிற்று. செவலையின் விலா எலும்பை எண்ணலாம் போல் இருந்தது. வயிற்றில் கன்றோடு அது தட்டுத் தடுமாறி எழுந்த காலையில், வீட்டுக்காரர் தொழுவ வாசலில் நின்று, ஒன்றையாவது காப்பாற்று என்றார். அவர் அப்படி முடிவாக ஒரு வார்த்தை சொல்வது அபூர்வம்.

அவள் மாட்டை மண்டிக்கு ஓட்டிப் போனாள். அறுபது கட்டு கொடுங்கள் என்றாள். என் வயலில் விழுந்த அறுபது. மண்டிக்காரர் செவலையின் முதுகெலும்பை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது என்றார். ஊரே காத்திருந்தது, அடுத்து கறார் அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று. அவள் சரி என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. எடைமேடைக் கூலிக்காரர்கூட ஒரு நிமிஷம் மூட்டையை இறக்காமல் அவளையே பார்த்தார்.

காரி வற்றியது. கன்று போட்டிருக்க வேண்டியது வீட்டில் இல்லை. பால் இல்லாத அந்த மூன்று மாதம் கறார் அக்கா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அங்கே சம்பளம் பேசும்போதும் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த அறுவடை நேரத்தில்தான் பழைய ஆள் திரும்பி வந்தாள். அறுவடை இயந்திரக்காரர் மேலாக்க அறுத்தால் சீக்கிரம் முடியும், வாடகை மிச்சம் என்றார். அடியோடு அறுங்கள், கூடுகிற வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மண்டிக்காரர் குடையோடு வந்து, இந்த வருஷம் உங்களுக்காக எடுத்த எடுப்பிலேயே ஆயிரத்து இருநூறு என்றார். ஏக்கர் கணக்கே வேண்டாம் அண்ணே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இஸ்திரிக்காரம்மாவையும் பக்கத்து வயல்காரர்கள் இருவரையும் கூட்டுச் சேர்த்து, இரண்டு பஸ் மாறிப் போய், வேறு ஊரிலிருந்து கட்டு இயந்திரம் பிடித்து வந்தாள். கட்டுக்கு நாற்பது கூலி. இயந்திரம் ஓடிய மூன்று மணி நேரமும் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டு விழும்போதும் ஒரு கூழாங்கல்லை மடியில் போட்டாள். அடியோடு அறுத்ததில் அவள் வயலில் மட்டும் எழுபத்தெட்டு விழுந்தது.

அவ்வளவையும் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் திணித்தாள். உள் அறை கூரை வரை வைக்கோல். முன் அறையில் அவள் படுக்க ஓர் ஆள் அகல இடம். வீட்டுக்காரர் பஞ்சர் கடைப் பெஞ்சுக்குக் குடி போனார். பெண்டாட்டி வைக்கோலைக் கட்டிக்கொண்டாள், என்னைக் கழற்றி விட்டாள் என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். நான்கு மாதம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதெல்லாம் அவருக்குத் தும்மல் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மற்ற வயல்காரர்களை அந்த வருஷம் மண்டிக்காரர் இன்னும் கொஞ்சம் நெருக்கப் பார்த்தார். இயந்திரம் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார். நாலு நாள் தவிக்க விட்டால் ஏக்கர் அறுநூறுக்கு வரும் என்று கணக்கு. மூன்றாம் நாள் மழை பிடித்தது, விடாமல் ஐந்து நாள் பெய்தது. வயலோடு வைக்கோல் ஊறி அழுகியது. அவருடைய கொட்டகையும் அந்த வருஷம் காலியாகவே நின்றது. இப்போது 'சரக்கு இல்லை' என்ற அட்டை உண்மையாகிவிட்டது.

கோடையின் நடுவில் ஒரு நாள் மண்டிக்காரர் கறார் அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் அந்தச் சந்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெளியூர் மாட்டுப் பண்ணை ஒன்றுக்குச் சரக்கு கொடுப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டாராம், நாற்பது கட்டு உடனே வேண்டுமாம். நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்றார். பதினேழு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத வார்த்தை அது. வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரம்மா கையை நிறுத்தினாள்.

"செவலை," என்றாள் கறார் அக்கா. "நாப்பது கட்டுக்கு ஒரு சினை மாடு. போன வருஷம் நீங்க போட்ட விலைதான்ண்ணே, நான் ஒண்ணும் ஏத்தல."

அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. அந்த மாட்டை வாங்கிய மாதமே வேறு கைக்கு மாற்றிவிட்டேன், இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ, அதற்கு நான் எங்கே போக என்றார். இருநூற்றைம்பது தருகிறேன், முன்னூறு தருகிறேன் என்று ஏற்றிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றையும் காதில் வாங்கினாள், தலையசைக்கவில்லை.

"வித்தத வாங்கிட்டு வாங்க. நானும் வித்த வைக்கோலத்தானே உங்ககிட்ட வந்து வாங்கினேன்."

அவர் போன பிறகும் அவள் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த பார்வை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செவலை வந்துவிடாதா என்று அந்த ஐந்து நிமிஷமும் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அது எங்கோ ஒரு தொழுவத்தில் யாருக்கோ கறந்துகொண்டிருக்கும், அல்லது அதுவும் இல்லாமல் போயிருக்கும். மண்டிக்காரர் தோற்றதில் அவளுக்கு வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை.

மாலையில் இஸ்திரிக்காரம்மா தயங்கித் தயங்கி வந்தாள். இயந்திரக் கூலியில் பங்கு கொடுத்துப் பக்கத்து வயலில் அவள் எடுத்துக்கொண்ட கட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. பத்து கட்டு வேண்டும், என்ன விலை என்று கேட்டாள். முன்னூறு என்ற சொல் அன்று காலையில் இருந்து அந்த வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தது. கறார் அக்கா அதை எடுக்கவில்லை. இயந்திரக் கூலி, வண்டிக் கூலி, தும்மின மனுஷனுக்கு மருந்துச் செலவு எல்லாம் சேர்த்து எழுபது என்றாள்.

இஸ்திரிக்காரம்மா முந்தியின் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு, "அறுபத்தஞ்சுன்னு போடுக்கா" என்றாள்.

கறார் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அன்று மண்டியில் சரி என்று தலையாட்டி நின்றது நினைவுக்கு வந்தது. பேரம் பேசத் தெரியாமலா அன்று நின்றாள்? வீட்டில் மாடு பசியோடு நிற்கும்போது பேரம் வாயில் வராது. இவளுக்கு இன்னும் வருகிறது.

"அறுபத்தெட்டு," என்றாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. "அதுக்குக் கீழ ஒரு பைசா கிடையாது."